தஞ்சாவூர் பார்க்கப் போனார்கள்

வடிவாம்பாளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வருஷத்தில் புருஷனோடு வெளியூர் என்று அவள் போனது வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் திருக்கருகாவூருக்கும்தான். இரண்டுமே பிள்ளை வரம் கேட்டுப் போன பயணங்கள். இரண்டிலும் மாமியார் காசியம்மா கூடவே வந்தாள். அதனால் எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் தியாகராசன் ஆபீஸிலிருந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சனி ஞாயிறு தஞ்சாவூர் போயிட்டு வரலாமா, நாம ரெண்டு பேரு மட்டும்?" என்று கேட்டபோது, அவன் தன்னிடம்தான் பேசுகிறானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்ன வேண்டுதல்?" என்றாள்.

"வேண்டுதல் ஒண்ணும் இல்ல. பெரிய கோயில் இருக்கு, அரண்மனை இருக்கு. சும்மா சுத்திப் பாக்கத்தான்."

தியாகராசன் காரைக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். குரும்பகரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவான். அதிர்ந்து பேசாத மனுஷன். அம்மா ஒன்று சொல்லி வடிவு ஒன்று சொன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்விடுவான். கையை ஓங்கியதில்லை. அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே காசியம்மா கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள். "போயிட்டு வாங்களேன். அறுப்புதான் முடிஞ்சு போச்சே. மாட்டை நான் பாத்துக்கறேன்."

வடிவுக்கு அது வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் வருகிற நேரத்தில் அதைக் கிண்டிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்துப் பார்த்தாள். தியாகராசன் எட்டிப் பார்த்து, "அந்த நீலப் பட்டை எடுத்துக்க. உனக்கு அதுதான் நல்லாருக்கும்" என்றான். அவளுக்கு எது நன்றாக இருக்கும் என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் நெடுங்காட்டில் பஸ் ஏறினார்கள். அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தான். ஐப்பசிப் புயலில் சாய்ந்த தென்னைகள் வழியெல்லாம் இன்னும் கிடந்தன. அறுத்த வயல்களில் உளுந்து பச்சை பிடித்திருந்தது. எல்லையில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்காலிலிருந்து யாராவது பாட்டில் கொண்டுபோகிறார்களா என்று பை பையாகத் தடவிப் பார்த்தார்கள். வடிவின் மடியில் இருந்த பையைத் திறந்து, நீலப் பட்டைப் புரட்டி, அடியில் கையை விட்டுத் துழாவினான் ஒருவன். அவள் கூசிப் போனாள். தியாகராசன் சிரித்துக்கொண்டே, "ஃபேமிலிங்க, சுத்திப் பாக்கப் போறோம்" என்றான். அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது.

கும்பகோணத்தில் பஸ் மாறி, உச்சிவெயிலில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மாடி அறை. இரும்புக் கட்டில், மண்பானையில் தண்ணீர், கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தால் கூரைகளுக்கு மேலே பெரிய கோயிலின் விமானம் தெரிந்தது. "அம்மாடி, எத்தாம் பெருசு!" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். ஓட்டலில் சாப்பிடும்போது தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவள் இலையில் வைத்தான் தியாகராசன்.

வெயில் தாழ்ந்ததும் கோயிலுக்குப் போனார்கள். அந்தக் கல் முற்றத்தின் அகலத்தைப் பார்த்ததும் வடிவுக்கு மூச்சு இழுத்து விடத் தோன்றியது. குரும்பகரத்தில் அவள் வீடு நீளமான வீடு, வாசலில் நின்றால் கொல்லை தெரியும், ஆனால் அகலம் கிடையாது. இங்கே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். நந்தியைச் சுற்றி வந்தாள். சுவரில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவினாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். படிக்க முடிகிறதா என்று பார்த்தாள், ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினால், அவன் கைக்கடிகாரத்தையும் கோபுர வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாராச்சும் வராங்களா?"

"இல்லியே. யாரு வரப் போறா?"

சொல்லி வாய் மூடவில்லை, "அடடே, நம்ம தியாகராசன் சார் இல்ல!" என்று சத்தம் கேட்டது. வந்தவன் சுப்பையன். தியாகராசனோடு அதே ஆபீஸில் வேலை செய்கிறவன், சொந்த ஊர் தஞ்சாவூர் கரந்தை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து வடிவு கையால் சாப்பிட்டுப் போனவன்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். நெற்றியில் பொட்டில்லாத ஒருத்தி, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவளை ஒட்டி, பச்சை வாயில் புடவையில் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பெண்.

"எங்க தெருக்காரங்க, பங்கஜவல்லி அக்கா. இது அவங்க பொண்ணு அல்லி. கோயிலுக்கு வந்தோம், பாத்தா நீங்க நிக்கிறீங்க! வாங்க, சித்த நேரம் உக்காருவோம்."

புல்தரையில் உட்கார்ந்தார்கள். தற்செயலாகக் கோயிலுக்கு வந்தவர்களின் பையிலிருந்து ஐந்து பேருக்குப் போதுமான புளியோதரையும் ஐந்து வாழையிலைத் துண்டும் வெளியே வந்தன. அல்லி முதல் இலையை வடிவின் முன்னால் வைத்தாள். தன் தலையிலிருந்த முல்லைச் சரத்தில் பாதியைக் கிள்ளி, "அக்கா, திரும்புங்க" என்று வடிவின் கொண்டையில் வைத்துவிட்டாள். நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று வடிவு நினைத்தாள்.

ஆண்கள் இருவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். பங்கஜவல்லி நகர்ந்து வந்து வடிவின் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மனசு யாருக்கும் வராது அம்மாடி. சுப்பையன் சொன்னப்போ நான் நம்பவே இல்ல. எந்தப் பொம்பளை தானா முன்வந்து இப்புடிச் சொல்லுவா? என் பொண்ணு உங்களுக்குத் தங்கச்சி மாதிரி இருப்பா. நீங்க கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டா. ஒரு புள்ளை பொறந்தா உங்க மடியிலதான் வளரும்."

வடிவின் வாயில் ஒரு கவளம் சோறு இருந்தது. மாமியார் மாட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், நீலப் பட்டும், ஜன்னல் சீட்டும், வடையும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கின. துப்பினால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. விழுங்கினாள்.

தியாகராசனைப் பார்த்தாள். அவன் அண்ணாந்து விமானத்தைப் பார்த்தபடி, அத்தனை பெரிய கல்லை அந்த உயரத்துக்கு எப்படி ஏற்றியிருப்பார்கள் என்று சுப்பையனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் அவள் சொல்லியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் சம்மதிக்கவில்லை என்று இரண்டு வார்த்தை. ஆனால் அந்த அம்மாள் அவள் கையை விடவே இல்லை. எதிரே அந்தப் பெண் இலையைப் பார்த்துத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். அவர்களுடைய சோற்றைத் தின்று, அவர்கள் வைத்த பூவைச் சூடிக்கொண்டு, எப்படிச் சொல்வது? "ம்" என்றாள். எதற்கு அந்த "ம்" என்று அவளுக்கே தெரியவில்லை. பங்கஜவல்லி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில அரண்மனையில பாப்போம்" என்று சொல்லி அவர்கள் போனார்கள்.

லாட்ஜுக்குத் திரும்பினார்கள். அறைக்குள் வந்ததும் பூவைப் பிடுங்கி ஜன்னல் திண்டில் போட்டாள்.

"என்னங்க இது?"

"கோவப்படாத வடிவு. வீட்டுல வச்சுச் சொன்னா நீ அழுவ, அம்மா ஏதாவது சொல்லும், ஊரு கூடும். அதான் வெளியூர்ல வச்சு, நிதானமாப் பேசலாம்னு."

"பேசத்தான் கூட்டிட்டு வந்தீங்களா? எல்லாம் பேசி முடிச்சுட்டில்ல வந்துருக்கீங்க? நான்தான் கேட்டேன்னு சொல்லியிருக்கீங்க!"

"அப்படிச் சொன்னாத்தான் அவங்க வருவாங்கன்னு சுப்பையன் சொன்னான்." தியாகராசன் கட்டிலில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "உன்னைத் தள்ளி வைக்கப் போறேன்னா சொன்னேன்? நீதான் வீட்டுக்குப் பெரியவ. சாவி உன் இடுப்புலதான். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, கோயில்ல வச்சு முடிச்சிடலாம். யாருக்கும் தெரியாது. நீ ஆபீஸுக்கு எழுதிப் போட்டாத்தான் என் வேலைக்கு ஆபத்து. நீ அப்படிச் செய்யற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவளால் அவன் வேலை போகும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. வேலை போனால் அவளும் சேர்ந்துதானே பட்டினி கிடக்க வேண்டும்.

"டாக்டரு உங்களையும் வரச் சொன்னாரே. மூணு வருஷமாச்சு. போனீங்களா?"

தியாகராசனின் முகம் மாறியது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு எந்தக் குறையும் இல்லன்னு எழுதிக் குடுத்தாரு. அடுத்து அவரைக் கூட்டிட்டு வாம்மான்னாரு. நாள் தவறாம நான் சொன்னேன்."

"எங்க குடும்பத்துல யாருக்கும் அப்படி ஒண்ணும் கிடையாது" என்று எழுந்தான். "நீ ஒண்ணும் சாப்புடல. நான் போயி இட்லி வாங்கிட்டு வரேன்."

கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தமும், அதைத் தொடர்ந்து பூட்டு மாட்டுகிற சத்தமும் கேட்டன.

வடிவு ஓடிப் போய்க் கதவை இழுத்தாள். "என்னங்க! பூட்டுறீங்களா?"

"லாட்ஜு வடிவு. கண்டவனும் வருவான் போவான். தனியா இருக்குற. பத்திரத்துக்குத்தான்." படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அவள் கதவைத் தட்டவில்லை. தட்டினால் லாட்ஜ்காரர்கள் வருவார்கள். வந்து, என்னம்மா என்று கேட்டால் என்ன சொல்வாள்? புருஷன் பூட்டிவிட்டுப் போனான் என்றால், உங்கள் நல்லதுக்குத்தான் என்று அவர்களும் சொல்வார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே தெருவில் ஜனங்கள் வாழைப்பழமும் பொம்மையும் வாங்கிக்கொண்டு போனார்கள். விமானம் இருட்டில் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் மட்டும் எங்கே போவாள் என்று யோசித்தாள். கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசு கிடையாது. நிரவியில் அண்ணன் வீடு இருக்கிறது. தலைச்சன் பிரசவத்துக்கென்று பிறந்த வீட்டுக்கு வர வழியில்லாத நாத்தனாரை அண்ணி எத்தனை நாள் வைத்துக்கொள்வாள்? அங்கேயும் ஒரு மூலையில் உட்கார்ந்து பருப்புப் புடைக்க வேண்டியதுதான்.

அவன் இட்லியோடு திரும்பி வந்தான். அவள் சாப்பிடவில்லை. அவனும் சாப்பிடவில்லை. சிறிது நேரம் கழித்து அவன் அழ ஆரம்பித்தான். "அம்மா தூங்க விடமாட்டேங்குது வடிவு. உனக்கு யாருடா கொள்ளி வைப்பான்னு தினமும் கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?" அவன் அடித்திருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிற மனுஷனை எதிர்த்து என்ன பேசுவது? முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் "நான் வரல" என்று சொல்லிப் பார்த்தாள். "நீ வரலன்னா அவங்க இங்க வந்துடுவாங்க" என்றான். அந்தச் சின்ன அறையில் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அரண்மனையே தேவலை என்று தோன்றியது. நீலப் பட்டை உடுத்த மறுத்து, வந்த நூல்புடவையையே கட்டிக்கொண்டாள்.

அரண்மனை வாசலில் மூவரும் முன்னதாகவே வந்து காத்திருந்தார்கள். சுப்பையன் முன்னால் நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். தர்பார் மண்டபத்தில் சாயம் மங்கிய தூண்களைக் காட்டினான். கூடத்தில் இரும்புத் தாங்கிகள் மேல் நிறுத்தியிருந்த திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டி, "இது உங்க கடல்ல வந்ததுதான், தரங்கம்பாடிப் பக்கம் கரையில ஒதுங்குச்சாம்" என்றான். வடிவு அந்த விலா எலும்புகளுக்கு முன்னால் நின்றாள். யாரோ எதையோ கேட்டார்கள். காதில் விழவில்லை.

"இந்த அரண்மனைக் கோபுரத்துக்கு மேல ஏறினா ஊரே தெரியும். அல்லி, அக்காவைக் கூட்டிட்டுப் போயிக் காட்டு. நாங்க இங்கயே இருக்கோம்" என்றான் சுப்பையன். இரண்டு பெண்களும் தனியாகப் பேசட்டும் என்கிற ஏற்பாடு அது.

படிக்கட்டு ஒரு ஆள் அகலம்தான் இருந்தது. குனிந்து ஏற வேண்டும். வௌவால் நாற்றம். நடுவில் ஒரு திருப்பத்தில் வெளிச்சம் முழுக்க அற்றுப்போனது. சுவர் இரண்டு தோளையும் உரசியது. மேலே போக முடியுமா, கீழேதான் இறங்க முடியுமா என்று வடிவுக்கு மூச்சு முட்டியது. இருட்டில் அல்லியின் கை வந்து அவள் கையைப் பிடித்தது. "பயப்படாதீங்கக்கா. நாலு படி ஏறினா ஜன்னல் வந்துடும்."

ஜன்னலும் வந்தது. கல்லில் விட்ட ஒரு திறப்பு. அதன் கீழே இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா," என்றாள் அல்லி, "நேத்தி நீங்க ஒண்ணும் பேசல. என்னைப் புடிக்கலியா?"

"உன்னைப் புடிக்கிறது புடிக்காதது இல்லம்மா. நான் எதையும் கேக்கவே இல்ல. நேத்து உங்க அம்மா கையைப் புடிச்சப்பதான் எனக்குத் தெரியும்."

அல்லி அவளை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வாள், எழுந்து இறங்கிப் போய்விடுவாள் என்று வடிவு எதிர்பார்த்தாள். அல்லி அப்படிச் செய்யவில்லை. சட்டென்று குனிந்து வடிவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இல்லன்னு சொல்லிடாதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன். அப்பா போனதுலேருந்து மாமா வீட்டுலதான் இருக்கோம். மாமி அவங்க தம்பிக்கு என்னைக் கட்டி வைக்கணும்னு நிக்கிறாங்க. நாப்பது வயசு தாண்டிடுச்சு. ரெண்டு புள்ளைங்க. முதல் சம்சாரம் கெணத்துல விழுந்து செத்தாங்க. வழுக்கி விழுந்தாங்கன்னு சொல்றாங்க. நான் உங்க வீட்டுல ஒரு மூலையில கிடந்துக்கறேன். சமையக்கட்டுப் பக்கமே தலை காட்டாதன்னாலும் சரி. சித்திரை பொறந்தா எனக்கு வேற வழி இல்லக்கா."

நேற்றிரவு முழுவதும் வடிவு மனசுக்குள் திட்டித் தீர்த்த பெண் இவள்தான். இப்போது காலடியில் கிடக்கிறாள். இல்லை என்றால் இவளைக் கிணற்றடிக்கு அனுப்புவது போல ஆகிவிடும். சரி என்றால் தன் வீட்டில், தன் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், இவள் வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஆயுசுக்கும் படுத்திருக்க வேண்டும். தலைக்கு மேல் இருந்த கல் கூரை இன்னும் தாழ இறங்கியது போல் இருந்தது.

"உன் பேச்சைக் கேட்டுட்டேன். நான் சொல்றதையும் ஒண்ணு கேளு" என்றாள் கடைசியில். "எனக்குக் குறை இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவரு இன்னமும் போயிக் காட்டிக்கல. மூணு வருஷமா கூப்புடறேன், வரமாட்டேங்குறாரு. நீ வர. உனக்கும் பொறக்கலன்னு வச்சுக்க. அப்பறம் உன்னைச் சுத்திப் பாக்கலாம்னு மதுரைக்கோ எங்கேயோ கூட்டிட்டுப் போவாங்க. அங்க ஒருத்தி உனக்குப் பூ வச்சு விடுவா."

அல்லி முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். வெகுநேரம் திறப்பின் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எழுந்து, இருட்டுப் படிகளில் முன்னால் இறங்கினாள்.

கீழே தர்பார் மண்டபத்தில் மற்ற மூவரும் ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன, ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களா?" என்றான் சுப்பையன்.

அல்லி நேராகத் தியாகராசன் முன்னால் போய் நின்றாள். அதுவரை அவனை நிமிர்ந்துகூடப் பார்க்காதவள். "நான் ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா" என்றான் அவன், சிரிக்க முயன்றபடி.

"நீங்க டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டீங்களா?"

மண்டபத்தில் வேறு ஜனங்களும் இருந்தார்கள். ஒரு குழந்தை தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. தியாகராசன் பார்வையைத் தூண் பக்கம் திருப்பினான். காது மடலெல்லாம் சிவந்துபோனது.

"ஏய், என்ன பேச்சு இது?" என்று சுப்பையன் எழுந்தான். பங்கஜவல்லி மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். "வயசுக்கு வந்த பொண்ணு கேக்குற கேள்வியாடி?"

"அக்கா காட்டிக்கிட்டாங்க. அவங்களுக்குக் குறை இல்லியாம். இவரு காட்டிக்கிட்டாரான்னுதான் கேக்கறேன்."

"யாருகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?" தியாகராசன் வடிவின் பக்கம் திரும்பிக் கத்தினான். ஒன்பது வருஷத்தில் அவன் கத்தி அவள் பார்த்தது அன்றைக்குத்தான். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தக் கத்தலுக்குப் பிறகு அவளுக்குப் பேசுவது சுலபமாக இருந்தது. மரியாதை பார்த்து அடக்கி வைக்க இனி அங்கே ஒன்றும் இல்லை.

பங்கஜவல்லி அவளிடம் வந்தாள். "அம்மாடி, உண்மையைச் சொல்லுங்க. நீங்க சம்மதிச்சுத்தானே இதெல்லாம்?"

"இல்லம்மா" என்றாள் வடிவு. "நான் சம்மதிக்கல. என்னைக் கேக்கவே இல்ல. இனிமே கேட்டாலும் சம்மதிக்க மாட்டேன். அப்படி நடந்தா ஆபீஸுக்கு எழுதிப் போடுவேன்."

பங்கஜவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வாடி" என்று மகளைக் கூப்பிட்டு நடந்தாள். சுப்பையன் தியாகராசனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு அவர்கள் பின்னால் ஓடினான். வாசலை அடைந்ததும் அல்லி ஒருமுறை திரும்பி வடிவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று வடிவால் சொல்ல முடியவில்லை. நன்றி இல்லை. அது மட்டும் தெரிந்தது.

லாட்ஜில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். கும்பகோணத்தில் பஸ் மாறினார்கள். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வளைகிறபோது அவன் பாரம் அவள் மேல் சாயும், அவன் விலகிக்கொள்வான், மறுபடி சாயும். வேறு சீட்டும் காலியில்லை, வேறு பஸ்ஸும் இல்லை, போவதற்கு வேறு வீடும் இல்லை. பேரளம் தாண்டிய பிறகு அவன் கேட்டான்: "அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"சொன்னா அது செத்துடும்."

"சாகமாட்டாங்க" என்றாள் வடிவு.

குரும்பகரத்தில் காசியம்மா விளக்கேற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போய்விட்டான். மருமகளைப் பார்த்தாள். வடிவு, "தஞ்சாவூர் பாத்துட்டு வந்தோம் அத்தை. அரண்மனை எல்லாம் நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அன்றிலிருந்து காசியம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவாள். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டுவாள். அடுத்த வீட்டுக்காரிகளிடம் பேசுகிற சாக்கில் மருமகளுக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் சொல்வாள்.

வைகாசியில் ஒருநாள் தியாகராசன் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து வெகுநேரம் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கடைசிவரை அவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா கொள்ளி வைக்கிற பேச்சை எடுத்தால், "சும்மா இரும்மா" என்று அதட்டினான். இரண்டாம் கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் அதோடு நின்றது. வடிவு நினைத்துப் பார்த்தாள்: ஜெயித்தது தான்தான். ஆனால் காலையில் எழுந்தால் அதே அடுப்பு, அதே மௌனம், பக்கத்தில் அவளைப் பார்க்க வெட்கப்படுகிற ஒரு மனுஷன்.

ஆவணியில் சுப்பையன் ஒரு வேலையாகக் குரும்பகரம் வந்தான். தியாகராசன் வீட்டில் இல்லை. வந்தவனை வாசலோடு அனுப்ப முடியாமல் வடிவு காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பொண்ணு அல்லிக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஆனி மாசத்துல. மாப்பிள்ளை அவங்க மாமியோட தம்பிதான்."

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவ சரின்னு சொன்னாளா?"

சுப்பையன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கேள்வி அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அவ சரின்னு சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

வடிவு டம்ளரை எடுத்துக் கழுவினாள். அரிசி களைந்தாள். வாழைக்காய் நறுக்கினாள். கரந்தையில் எந்தத் தெரு, அந்த மாமன் பெயர் என்ன என்றுகூடத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெரிந்தாலும் போய் என்ன சொல்வாள்? அன்று முழுவதும் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவும் இல்லை.